மாவுத் தொட்டியில் வந்த சாட்சி

இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு கடலில் செத்துப்போயிருக்க வேண்டிய ஒருவன் எண்ணூரில் கண் விழித்து முதலில் சொன்னது ஒரு கெட்ட வார்த்தை. அறையில் இருந்தவர்களில் அதைக் கேட்டு அதிகம் கூசிப்போனவள் சலோமி. அந்த வார்த்தையைக் கருவிக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

கருவி என்றால் மொழிபெயர்ப்புக் கருவி. கழுத்தில் மாட்டும் ஒரு வளையம். அவன் பழைய கிரேக்கத்தில் பேசினால் அது தமிழில் சொல்லும். இவர்கள் தமிழில் பேசினால் அவன் காதில் கிரேக்கத்தில் ஓதும். கடல் மீட்பு ஆய்வு மையத்தின் மொழிப் பொறியாளரான சலோமி அதைத் தனியாளாகச் செய்திருந்தாள். நல்ல தமிழ்க் குரல் பதிவுகள் வேண்டும் என்று மேலிடத்தைக் கேட்டாள், பதில் இல்லை. சரிதான் போ என்று காசிமேட்டில் தன் சொந்தத் தெருவுக்குப் போய், மீன் ஏலம், குழாயடிச் சண்டை, கல்யாண வீட்டு வம்பு என்று காதில் விழுந்ததையெல்லாம் பதிவு செய்து கருவிக்கு ஊட்டிவிட்டாள்.

"எவன்டா என்னிய இஸ்தது? நான் செத்துட்டனா, இன்னாடா கீது இங்க?" என்று தொடர்ந்தது வளையம், அச்சு அசலாக அவளுடைய பெரியப்பாவின் குரலில்.

மையத்தின் இயக்குநர் டாக்டர் வைகுந்தநாதன் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். கிரேக்கக் கடற்படை வரலாற்றிலேயே தலைமுடியைத் தொலைத்தவர் அவர்.

"சலோமி, இவன் ஏதென்ஸ்காரன். உலகத்துக்கே நாடகமும் தத்துவமும் கொடுத்த ஊர். இப்படியா பேசுவான்?"

"நாடகம் எழுதினவங்க வேற ஆளுங்க சார். இவர் துடுப்புப் போட்டவர்."

வந்தவன் பெயர் தெல்லிஸ். முப்பது வயதிருக்கும். தோள் இரண்டும் பலாப்பழம் மாதிரி, கால் இரண்டும் குச்சி மாதிரி. கேன்டீனை நடத்திவந்த ஜரினா அக்கா அவனுக்கு ஒரு லுங்கியும் சூடாக ஒரு டம்ளர் டீயும் கொடுத்துவிட்டு, "உங்க பேரு இன்னாங்க?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. "டெல்லியா? எங்க சித்தப்பா வூட்டு மாப்ள பேரும் டெல்லிதான்." அன்று முதல் மையத்தில் எல்லோருக்கும் அவன் டெல்லி அண்ணன்.

எப்படி வந்தோம் என்பதை அவனுக்கு வைகுந்தநாதன்தான் விளக்கினார். காலத்துக்குள் கை விட்டு ஆளை எடுக்க முடியும். ஆனால் யாரை வேண்டுமானாலும் எடுக்க முடியாது. அரசனை எடுத்தால் அவனுக்குப் பிறகு நடந்ததெல்லாம் குழம்பிப்போகும். கடல் விழுங்கி உடல்கூடக் கிடைக்காதவன் என்றால் பிரச்சினை இல்லை. அவன் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

"அர்கினூசா தீவுகளுக்குப் பக்கத்திலே உங்க படை ஸ்பார்ட்டாக்காரங்களை அடிச்சு நொறுக்கிச்சு. ஜெயிச்ச பிறகு புயல் வந்தது. உடைஞ்ச கப்பல்ல தொங்கிக்கிட்டு இருந்தவங்க எல்லாரும் போயிட்டாங்க. அதுல ஒருத்தன் நீ."

தெல்லிஸ் டீயை உறிஞ்சிக்கொண்டே யோசித்தான். "எல்லாரும் தொங்கிகினு இருந்தோம், செரி. என்னிய மட்டும் ஏன் நைனா தூக்குன?"

"ஆராய்ச்சிக்கு ஒரு மாதிரி போதும். அதுவுமில்லாம ஒரு ஆளை இழுக்கவே வடசென்னை மின்சாரம் முழுக்க வேணும். ஊர்ல கரண்ட் போனா எங்களைத்தான் திட்டுவாங்க."

"அப்டியா," என்றான் தெல்லிஸ். டம்ளரைக் கீழே வைத்தான். அதில் பாதி டீ மிச்சமிருந்தது.

ஆராய்ச்சி தொடங்கியது. ஒரு கப்பலில் மூன்று அடுக்காக உட்கார்ந்து எப்படித் துடுப்புப் போட்டார்கள், வியர்வை யார் மேல் சொட்டியது, மேல் அடுக்குக்காரன் வயிறு சரியில்லாமல் இருந்தால் கீழ் அடுக்குக்காரன் கதி என்ன என்பதையெல்லாம் தெல்லிஸ் நடித்தே காட்டினான். வைகுந்தநாதன் எழுதியிருந்த தடித்த புத்தகங்களில் கடைசி விஷயம் இல்லை. சலோமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு மத்தியானம் கேன்டீனில் ஜரினா அக்கா கேட்டாள். "ஏன் சார், ஓட்டுப் போடறதைக் கண்டுபுடிச்சதே இவங்க ஊருதானாமே? துடுப்புப் போடறவங்களுக்குப் போய் எப்படி ஓட்டு குடுத்தாங்க?"

வைகுந்தநாதனுக்குப் பிடித்த கேள்வி. "நிலத்துச் சண்டைக்குக் கவசம் வேணும், ஈட்டி வேணும். அது பணக்காரன் வேலை. கடற்சண்டைக்கு வேண்டியது என்ன? கை. கப்பலுக்கு நூத்தியெழுபது ஜோடி கை. ஏழைகிட்ட அது ஒண்ணுதானே இருக்கு? அவன் கையாலதான் ஊர் பிழைக்குதுன்னு ஆன பிறகு, சபையில அவன் கையைத் தூக்கக் கூடாதுன்னு யார் சொல்ல முடியும்?"

"சூப்பரா சொன்ன நைனா," என்றான் தெல்லிஸ். "ஆனா நான் தூக்குனதில்ல. நான் அடிமை."

அவன் வெள்ளிச் சுரங்கத்தில் பிறந்து வளர்ந்தவன். ஏதென்ஸிடம் கப்பல் இருந்தும் ஆள் தீர்ந்துபோன ஒரு நெருக்கடியில், வந்து துடுப்புப் பிடிக்கும் அடிமைக்கு விடுதலை, சபையில் இடம் என்று தண்டோரா போட்டார்கள். தெல்லிஸ் அன்றுதான் முதல்முறையாகக் கடலையே பார்த்தான். சண்டையில் ஜெயித்தார்கள். அந்தக் கணத்தில் அவன் சுதந்திர மனிதன், ஏதென்ஸ் குடிமகன். அப்புறம் கால்நாழிகைகூட ஆகியிருக்காது, கப்பல் பிளந்தது.

"ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி சபையில ஓட்டுக் கூழாங்கல்ல ஜாடிக்குள்ள போட்டுட்டு செத்திருக்கலாம்," என்றான்.

அந்த வாரம் மாநகராட்சித் தேர்தல். தொலைக்காட்சியில் வரிசையில் நிற்கும் ஜனங்களைப் பார்த்து அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சலோமி ஓட்டுப் போட்டுவிட்டு வந்து மை வைத்த விரலைக் காட்டினாள்.

"இன்னாக்கா முடிவு பண்ணீங்க? சண்டையா, சமாதானமா?"

"அதெல்லாம் இல்ல. யாரு முடிவு பண்ணணும்னு முடிவு பண்ணோம்."

"அப்பால?"

"அப்பால அவரு முடிவு பண்ணுவாரு. அஞ்சு வருஷத்துக்கு."

"நீ?"

"நாங்க டிவி பாப்போம்."

தெல்லிஸ் ஜரினா அக்காவின் பக்கம் திரும்பி, கருவி ஏதாவது தப்பாகச் சொல்கிறதா என்று விசாரித்தான். எங்கள் ஊரில் பதவிக்கெல்லாம் சீட்டுக் குலுக்கிப் போடுவோம், தேர்ந்தெடுத்தால் பணக்காரன்தான் வருவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றான். "நம்ம உத்திரமேரூர்ல குடவோலைன்னு அதைத்தான் பண்ணாங்க!" என்று வைகுந்தநாதன் பெருமையோடு சொன்னார். "அந்தக் குடத்துல பேரு போடவே நிலம் இருக்கணும் சார்," என்றாள் சலோமி. அவர் தயிர்சாதத்தில் கவனம் செலுத்தினார்.

மறுநாள் தெல்லிஸ் வாசலுக்குப் போனான். கடலைப் பார்க்க வேண்டும் என்றான். காவலாளி விடவில்லை. அவன் கையில் கட்டியிருந்த பட்டையில் 'மாதிரி' என்று எழுதியிருந்தது. மாதிரி வெளியே போகக் கூடாது என்பது விதி.

"யாரு போட்ட விதி? எத்தினி பேரு கை தூக்குனீங்க?" என்று அவன் இயக்குநர் அறைக்குள் வந்து கேட்டான்.

"கையெல்லாம் தூக்கலை. நான் கையெழுத்துப் போட்டேன்."

"நீ ஒருத்தனா?" தெல்லிஸ் பட்டையை விரலால் சுற்றிக்கொண்டே நின்றான். "அப்ப இது சொரங்கம்னு மொதல்லியே சொல்றதுக்கு இன்னா நைனா? நான் பாட்டுக்கு ஜாலியா டீ குடிச்சிகினு கீறேன்."

வைகுந்தநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. கேள்வி கேட்டால் பிடிக்காது, அவ்வளவுதான். "உங்க சபை கை தூக்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். அந்தப் புயல்ல உங்களை அள்ளலைன்னு, ஜெயிச்சுட்டு வந்த சொந்தத் தளபதிகளையே ஊர் கொன்னுச்சு. ஆறு பேரை, ஒரே ஓட்டுல. செத்தவங்க சொந்தக்காரங்க மொட்டை அடிச்சுக்கிட்டு வந்து சபையில அழுதாங்களாம். கும்பல் வெறி! கொன்ன பிறகு ஐயோ தப்புப் பண்ணிட்டோமேன்னு அதே கும்பல் வருத்தப்பட்டுச்சு. இதுதான் உன் ஜனநாயகம்."

தெல்லிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"பொய் சொல்லாத."

"சத்தியம்."

"யோவ், அது புயலுய்யா! மலை மாதிரி அலை. எவனால கப்பல திருப்ப முடியும்? எங்க தளபதி தங்கமான ஆளு. நான் அடிமைன்னு தெரிஞ்சும் என் பக்கத்துல குந்திகினு வெங்காயத்த பாதி கடிச்சி எனக்கும் குடுத்தாரு. அவரையா?" வளையத்தில் பெரியப்பாவின் குரல் உடைந்தது. அந்தக் குரல் உடைந்து சலோமி அதுவரை கேட்டதில்லை. "நான் போறேன். என்னிய திருப்பி அனுப்பு. நான் தண்ணீல இருந்தவன், எனக்குத் தெரியும், அவங்க மேல தப்பில்லன்னு சபையில நின்னு சொல்றேன். என் கல்ல அவங்களுக்குப் போடறேன்."

"முடியாது. நடந்தது நடந்ததுதான். தவிர, நீ மையத்தோட சொத்து."

அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் சலோமி அன்று வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை வைகுந்தநாதனுக்குத் தி. நகரில் பாராட்டு விழா. காலையிலிருந்தே மையம் காலி. சலோமிக்கு இயந்திரத்தின் கடவுச்சொல் தெரியும். அது இயக்குநரின் பேத்தி பெயர் என்பது எல்லோருக்கும் தெரியும். எடுத்த அதே இடத்தில், எடுத்த அதே கணத்தில் திருப்பி விடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

"நீச்சல் தெரியும் இல்ல?" என்று கேட்டாள்.

"சொரங்கத்துல எங்கக்கா நீச்சல் கத்துக்கறது?"

சலோமி தலையில் அடித்துக்கொண்டாள். பிளாஸ்டிக், ரப்பர் எதையும் அனுப்ப முடியாது. கிரேக்கக் கடலில் மிதவை உடுப்பு கிடைத்தால் வரலாறு நாறிப்போகும். யோசனை சொன்னது ஜரினா அக்காதான். வரவேற்பறையில் காட்சிக்கு வைக்கவென்று இயக்குநர் பழைய கப்பல் சாமான்களை அதே மாதிரி செய்து வரவழைத்திருந்தார். அதில் மரத்தால் ஆன மாவுத் தொட்டி ஒன்று. யாரும் அதைத் திரும்பிப் பார்க்காததால் ஜரினா அக்கா எடுத்துப்போய்ச் சப்பாத்தி மாவு போட்டு வைத்திருந்தாள். இப்போது மாவைக் கொட்டிவிட்டு அதை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அட, எங்க கப்பல்ல இருந்ததேதான்!" என்று தெல்லிஸ் அதைக் கட்டிப்பிடித்தான்.

லுங்கியை அவிழ்த்துக் கொடுத்தான். கைப்பட்டையைச் சலோமி கத்தரித்தாள். கழுத்து வளையம் உப்புத் தண்ணீரில் சற்று நேரத்தில் கரைந்துவிடும்; இருக்கட்டும் என்றாள்.

"அங்க போனா இன்னும் ரெண்டு வருஷத்துல உங்க ஊரே தோத்துடும் டெல்லி. சாரு சொல்லியிருக்காரு. இங்க இருந்தா வயசாகிச் சாவலாம்."

"இங்க நான் ஆளில்லக்கா." அவன் தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். "கவலப்படாத. ஆறு பேரையும் காப்பாத்திட்டுதான் மறுவேல."

சலோமி விசையைத் தட்டினாள். வெளியே எண்ணூர் முழுக்க மின்விசிறிகள் நின்றன. மைய வாசலில் யாரோ மின்வாரியத்தையும் அதன் வம்சத்தையும் சபித்தார்கள்.

அவன் போன காலத்தின் வாசல் மூடச் சிறிது நேரம் ஆகும். அதுவரை வளையம் பேசும். ஒலிபெருக்கியில் முதலில் காற்று. பிறகு தண்ணீர் மோதும் சத்தம். தெல்லிஸ் மூச்சுத் திணறி, காறித் துப்பி, "பொயச்சிகினேன்!" என்று கத்தினான். ஜரினா அக்கா கைதட்டினாள்.

அப்புறம் மற்றவர்களின் குரல்கள் வந்தன.

முதல் தடவை அவனை எடுத்தபோது, கப்பல் பிளந்த கையோடு எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே என்ன நடந்தது என்று அவன் பார்த்ததில்லை, கேட்டதில்லை. இப்போது தொட்டி அவனை மிதக்க வைத்தது, மிதந்ததால் கேட்டான். சுற்றிலும் ஆட்கள். கருவி பாரபட்சம் பார்க்காமல் எல்லோரையும் மொழிபெயர்த்தது. சலோமியின் சித்தப்பா குரலில் ஒருவன், மீன்கார ஆரோக்கியம் மாமாவின் குரலில் ஒருவன், எதிர்வீட்டுக் குரலில் ஒருவன்.

"கப்பல் போவுதுடா! நம்ம கப்பல்டா அது! டேய், இங்க, இங்க!"

"பாத்துட்டான்டா! பாத்துட்டே போறான்டா!"

"ஜெயிச்சிக் குடுத்தம்டா உங்களுக்கு! பாவிங்களா!"

"தெல்லிசு, நீ பொயச்சிக்குவ. ஊர்ல போய்ச் சொல்லு. வுட்டுட்டுப் போய்ட்டானுங்கன்னு சொல்லு. வுடாத அவனுங்கள. சொல்லுவியாடா?"

"சொல்றன்டா," என்றான் தெல்லிஸ். "கைய வுடாத. புடி, தொட்டியப் புடி. சோசு, கைய வுடாத! சோசு!"

சித்தப்பாவின் குரல் நின்றது. ஆரோக்கியம் மாமாவின் குரல் கொஞ்ச நேரம் வெறும் மூச்சாக வந்து, அதுவும் நின்றது. பிறகு உப்புத் தண்ணீர் வளையத்தைத் தின்றுவிட்டது.

ஜரினா அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். சலோமிக்கு ஓடிப்போய்க் காசிமேட்டில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, இருக்கிறீர்களா என்று கேட்கவேண்டும் போலிருந்தது.

மறுநாள் வைகுந்தநாதன் கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கத்தவில்லை. ஒலிப்பதிவை முழுக்கக் கேட்டார். பிறகு காலியாக இருந்த காட்சி மேடையைப் பார்த்தார்.

"அந்த மாவுத் தொட்டியை நான் ஏன் செய்யச் சொன்னேன்னு யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்டதில்லை.

"தளபதிகள் விசாரணையில, அவங்களை விட்டுடலாம்னு பாதிப் பேர் நினைச்சுக்கிட்டு இருந்தப்போ, எவனோ ஒருத்தன் எழுந்தானாம். மாவுத் தொட்டியைப் பிடிச்சுக்கிட்டுப் பிழைச்சேன்னானாம். மூழ்கினவங்க என்கிட்ட சொல்லி அனுப்பினாங்க, எங்களை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு ஊர்ல சொல்லச் சொன்னாங்கன்னு சொன்னானாம். அதோட சபை கொதிச்சுப் போச்சு. பேர்கூட யாரும் குறிச்சு வைக்கலை. நான் அவனைப் பொய் சாட்சின்னு கட்டுரையே எழுதியிருக்கேன். மாவுத் தொட்டியில எவனாவது பிழைப்பானான்னு." அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அவங்களைக் காப்பாத்தப் போறேன்னு போனவன், அவனே கொன்னுட்டான். தப்பான ஓட்டு."

சலோமி அவர் எதிரே வந்து நின்றாள். "தப்பான ஓட்டுதான் சார். ஆனா அவன் ஓட்டு. கேட்டீங்க இல்ல? அதைக் கேட்டுட்டு நீங்க எதைப் போடுவீங்க?"

அப்போதுதான் வாசற்படியில் நின்ற ஜரினா அக்கா கேட்டாள். "சார், எனக்கு ஒரு சந்தேகம். அந்த சோசு, அவன் கூட கத்துனவங்க... அவங்க ஒடம்பும் கெடைக்கல இல்ல?"

"இல்லை."

"மெஷினு இங்கதானே கீது?"

வைகுந்தநாதன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்தத் தளபதிகளைப் போலப் புயல் என்று சொல்ல முடியாது. எண்ணூரில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். காவலாளி, ஓட்டுநர், ஆய்வாளர்கள், கூட்டுகிற அம்மா, எல்லோரும். நடந்தது எதுவும் மாறாதபடி, மூழ்கியவர்கள் கத்தி முடித்து, கை நழுவிய பிறகு, ஒவ்வொருவராக எடுப்பது. எங்கே தங்க வைப்பது என்பது அப்புறம். கை தூக்கச் சொன்னபோது வைகுந்தநாதன் ஒருவர்தான் தூக்கவில்லை. மேலிடத்துக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். எல்லோரும் என்றார்கள். தோற்றுப்போனவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, இயந்திரத்தை இயக்க அவரே போனார்.

முதலில் வந்தவன் சோஸ். தாடியெல்லாம் உப்பு. சலோமி புது வளையத்தை அவன் கழுத்தில் மாட்டினாள். இருமி முடிக்கும் வரை முதுகைத் தட்டிக் கொடுத்தாள். அவன் கண்ணைத் திறந்து முதலில் கேட்டது தன்னைப் பற்றியல்ல.

"தெல்லிசு கரைக்குப் போய்ச் சேந்தானா?"

"சேந்தாருப்பா."

"நாங்க சொன்னத ஊர்ல சொன்னானா?"

"சொன்னாரு. சபையில எழுந்து நின்னு சொன்னாரு."

சோஸ் சிரித்தான். குளிரில் பல்லெல்லாம் தந்தியடித்தது. "ராஜா! செம டோஸ் வுட்டிருப்பானுங்க. இன்னா பண்ணாங்க அந்தத் தளபதிங்கள? வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?"

சலோமி வைகுந்தநாதனைப் பார்த்தாள். அவர் இயந்திரத்தைப் பார்த்தார்.

"கொன்னுட்டாங்க," என்றாள் சலோமி. "ஆறு பேரையும். உங்களைத் தண்ணீல வுட்டதுக்காக."

அவன் வளையத்தைத் தொட்டுப் பார்த்தான், சரியாகத்தான் கேட்டோமா என்பதுபோல. பிறகு தன் கைகளைப் பார்த்தான். ஈரமாக, முழுசாக, உயிரோடு இருந்தன.

"சாவறப்ப வாய்க்கு வந்தது திட்டுனோம்க்கா," என்றான். "கொல்லவா சொன்னோம்?"

சலோமி துண்டை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.